அம்மையின் விதிகள்

சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜை எங்களுக்குச் சொந்தமில்லை. பிளஸ் ஒன் படிக்கும் என் மகளும் அவளுடைய நண்பர்கள் நான்கு பேரும் அதைப் பிடித்துக்கொள்வார்கள். மேம்பாலம் வந்த பிறகும் ஓயாத வைட்டிலா சந்திப்பின் ஹாரன் சத்தம் ஜன்னல் வழியே வந்துகொண்டிருக்கும். உள்ளே ஒரு ராஜ்யம் எரியும், ஒரு பூதம் சாகும், யாராவது ஒருவன் மந்திரவாதியிடம் கடன் வாங்கி மாட்டிக்கொள்வான். எல்லாம் பேச்சில்தான். மேஜை மேல் இருப்பது சில காகிதங்கள், பென்சில்கள், ஒரு தட்டு நேந்திரங்காய் வறுவல், கலர் கலராகச் சில பகடைகள். அவற்றில் ஒன்றுக்கு 20 முகங்கள்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்று விளையாட்டுக்குப் பெயர். 1974ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் உருவாக்கியது. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி அந்தக் கதைக்குள் நடப்பார்கள். வீசிய வாள் படுமா, விஷம் குடித்தவன் பிழைப்பானா என்பதைப் பகடை சொல்லும். எங்கள் வீட்டு மேஜையில் கதை சொல்பவள் என் மகள். மலையாளமும் ஆங்கிலமும் கலந்த பாஷையில் நடக்கும் இந்த யுத்தங்களை, சமையலறை வாசலில் முருங்கைக்கீரை உருவியபடி கேட்டுக்கொண்டிருப்பவள் என் அம்மா. சாத்தூரில் தனியாக இருந்தவளை ஐந்து வருடங்களுக்கு முன்னால் இங்கே அழைத்து வந்தோம். போய் இருக்க அவளுக்கு மகன் கிடையாது.

ஒரு நாள் மகள் என்னிடம் வந்தாள். "அம்மா, எனக்கு ஒரு வியாதி வேணும்."

விளையாட்டின் விதிப் புத்தகத்தில் வியாதிகள் இல்லாமல் இல்லை. சிரித்துச் சிரித்தே மயங்க வைக்கும் ஒரு காய்ச்சல், சாக்கடையில் வரும் ஒரு கொள்ளைநோய், கண்ணை அழுக வைக்கும் ஒன்று. ஆனால் அவற்றுக்கு மருந்து ரொம்ப சுலபம். 2014ல் வந்த ஐந்தாம் பதிப்பின் விதிப்படி, பாலடின் என்ற புனித வீரன் நோயாளியின் மேல் கையை வைத்து ஐந்து புள்ளிகளைச் செலவழித்தால் போதும், வியாதி ஓடிவிடும். வீரன் கையில் புள்ளி இருக்கும்வரை எந்த ஊரிலும் கொள்ளைநோய் நிலைக்காது. கதையில் பயம் இருக்காது. அதனால் கதை சொல்பவர்கள் தாங்களே வியாதிகளைத் தயாரித்துக்கொள்கிறார்கள். இப்படித் தயாரிப்பதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொல்லைத் தமிழில் நேராகப் போட்டால் 'வீட்டில் காய்ச்சியது' என்று வரும். நம் ஊரில் அப்படிச் சொன்னால் போலீஸ் வந்துவிடும். மொழிபெயர்ப்பு என் பிழைப்பு என்பதால் கொஞ்சம் யோசித்து 'கைப்பக்குவம்' என்று வைத்துக்கொண்டேன். கைப்பக்குவ வியாதி.

மகளின் வியாதிக்குப் பெயர் முத்துக் காய்ச்சல். அது வந்தவர்களின் தோலில் முத்துக்கள் முளைக்கும். ஒவ்வொரு முத்துக்குள்ளும் ஒரு ஞாபகம். முத்து உதிர்ந்தால் ஞாபகம் போய்விடும். உதிர்ந்த முத்துக்களைப் பொறுக்கி விற்க வியாபாரிகள் ஊர் ஊராக வருவார்கள். இதுவரைக்கும் எனக்குப் பிடித்திருந்தது. கடைசி விதியைப் படித்தாள்: "ஊருக்குள் சத்தியம் தவறியவன் ஒருவன் இருக்கிறான். அவனைக் கண்டுபிடித்துப் பலி கொடுத்தால் காய்ச்சல் தீரும்."

"முத்துங்கிற வார்த்தையை எங்க பிடிச்ச?" என்று கேட்டேன்.

"அம்மாச்சி சொன்னாங்க."

அவளுக்கு அது தோலில் முளைக்கும் நகை. எனக்கு அது வேறு. அம்மைக் கொப்புளத்தை எங்கள் பக்கத்தில் கொப்புளம் என்று சொல்ல மாட்டார்கள். முத்து போட்டிருக்கிறது என்பார்கள். வியாதி என்ற சொல்லையும் வீட்டுக்குள் பேசக் கூடாது. ஆத்தா வந்திருக்கிறாள். குணமாவது என்று சொல்லக் கூடாது. ஆத்தா இறங்கிவிட்டாள். வியாதியை அம்மா என்றே அழைக்கிற மொழியில் எம்.ஏ. படித்தவள் நான். இந்த ஊர் மலையாளிகள் நம்முடைய மணல்வாரியை அஞ்சாம்பனி என்கிறார்கள். பனி என்றால் காய்ச்சல். காய்ச்சல் தொடங்கி நான்கைந்து நாளில் மேலெல்லாம் சிவந்து தடிப்பதால் வந்த பெயராக இருக்க வேண்டும். நாம் அதைப் பார்த்து, உடம்பில் மணலை வாரி இறைத்ததுபோல என்றோம். அவர்கள் நாளை எண்ணினார்கள். நாம் இறைத்த கையைத் தேடினோம்.

வியாதிக்கு விதி எழுத வேண்டுமென்றால் அம்மாச்சியைக் கேள் என்று மகளை அனுப்பினேன். கீரைத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அம்மா விதிப் புத்தகத்தையே ஒப்பித்தாள். வாசலில் வேப்பிலை செருக வேண்டும். அதைப் பார்த்தால் வெளி ஆள் உள்ளே வரக் கூடாது. படுத்திருக்கும் பிள்ளையை மூன்றாம் வீட்டார் பார்க்கக் கூடாது. வீட்டில் யாரும் தலை சீவக் கூடாது, எண்ணெய் தொடக் கூடாது, மாமிசம் கூடாது. அரித்தால் வேப்பங்கொழுந்தால் வருட வேண்டும், நகம் படக் கூடாது. இளநீர், கூழ், பானகம். ஆத்தா இறங்கிய பிறகு ஒற்றைப்படை நாளில் வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரைத் தலைக்கு ஊற்ற வேண்டும். பிறகு கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள்: "தாளிக்கக் கூடாது. கடுகு வெடிக்கிற சத்தம் அவளுக்கு ஆகாது."

மகள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். "சூப்பர் மெக்கானிக்ஸ், அம்மாச்சி" என்றாள். அம்மாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. வேப்பிலை செருகிய வீட்டுக்குள் யாரும் வரக் கூடாது என்பது இன்றைக்கு டாக்டர்கள் சொல்லும் தனிமைதான். நகம் படாமல் இருப்பதும் நீர் ஆகாரமும் நல்லதுதான். புத்தி உள்ளவர்கள் கண்ணால் பார்த்துச் சேர்த்த விதிகள் அவை. அவற்றோடு வேறு விதிகளும் வந்து ஒட்டிக்கொண்டன. எது எது என்று பிரித்துப் பார்க்க அந்த வீடுகளில் யாருக்கும் அவகாசம் இருந்திருக்காது.

அன்று ராத்திரி மகளுக்கு ஒரு பழைய கதை சொன்னேன். தமிழ் படித்தவர்கள் எல்லீசன் என்று அறிந்திருக்கும் பிரான்சிஸ் வைட் எல்லிஸ், 1810 முதல் சென்னை கலெக்டராக இருந்தவர். திருக்குறளின் ஒரு பகுதிக்கு ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பும் விளக்கமும் எழுதியவர். 1802 ஜூன் 14ல் பம்பாயில் ஆனா டஸ்ட்ஹால் என்ற மூன்று வயதுக் குழந்தைக்குத்தான் இந்தியாவில் முதன்முதலில் மாட்டம்மைப் பால் வைத்துப் பெரியம்மைத் தடுப்பு போடப்பட்டது. அந்தக் குழந்தையின் கையிலிருந்து எடுத்து அடுத்தவர் கைக்கு, அங்கிருந்து அடுத்த ஊருக்கு என்று அது பரவியது. ஆனால் ஜனங்கள் பயந்தார்கள். எல்லிஸ் ஒரு வேலை செய்தார். அம்மையைத் தருகிற சக்தியே இரக்கப்பட்டு, பசுவின் மடியில் ஒரு சாந்தமான அம்மையை வைத்து அனுப்பியதாகத் தன்வந்திரியோடு அவள் பேசுவதுபோலத் தமிழில் ஒரு கதை எழுதினார். சம்ஸ்கிருதத்தில் செய்யுள் ஒன்றையும் இயற்றி, பழைய தாளில் எழுதி, எங்கோ கண்டெடுத்ததுபோலக் காட்டப்பட்டது என்றும் பதிவு இருக்கிறது.

"போலியா?" என்றாள் மகள்.

"போலிதான்."

"கைப்பக்குவம்" என்று சிரித்தாள். "ஆனா அவரு பழைய விதியை அழிக்கலை. அதே ஆத்தா, புதுசா ஒரு வரி."

அப்படிப் புது வரி சேர்ப்பது எல்லிஸோடு நின்றுவிடவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோயம்புத்தூரைப் பிளேக் வாட்டியபோது அங்கே பிளேக் மாரியம்மன் வந்தாள். 2021 மே மாதம், கொரோனாவின் இரண்டாவது அலையில், அதே கோவையின் இருகூரில் ஒரு மடம் கொரோனா தேவிக்குச் சிலை வைத்தது. படித்தவர்கள் சிரித்தார்கள். நானும் ஒரு பத்தி எழுதிச் சிரித்தவள்தான். இப்போது அவ்வளவு சிரிப்பு வருவதில்லை. முகமில்லாத ஒன்று வீட்டுக்குள் நுழைந்து ஆளைக் கொண்டுபோகும்போது, அதற்கு முகம் வைத்தால்தான் அதனிடம் ஏதாவது கேட்க முடியும். கெஞ்சலாம். பேரம் பேசலாம். பேரத்தில் என்ன கொடுக்கிறோம் என்பதுதான் கேள்வி.

அந்தக் கேள்வியின் பழைய பதில் சிலப்பதிகாரத்திலேயே இருக்கிறது. கண்ணகி மதுரையை எரித்த பிறகு பாண்டிய நாட்டில் மழை இல்லை, வறுமை, வெப்பு நோய், அதோடு 'குரு'. குரு என்றால் கொப்புளம். தமிழில் நாம் மறந்துவிட்ட இந்தச் சொல் இங்கே கொச்சியில் தினசரிப் புழக்கத்தில் இருக்கிறது. என் மகள் கண்ணாடி முன்னால் நின்று புலம்புவது முகக்குருவைப் பற்றித்தான். அந்தக் குருவைத் தீர்க்கக் கொற்கையில் இருந்த வெற்றிவேற் செழியன் கண்ணகிக்குப் பலி கொடுத்தான், 1,000 பொற்கொல்லர்களை. பொய் சொன்ன பொற்கொல்லன் ஒருவன். செத்தவர்கள் ஆயிரம் பேர். மழை பெய்தது, நாடு செழித்தது என்கிறது கட்டுரை. எம்.ஏ. வகுப்பில் இந்த இடத்தை நாங்கள் பரீட்சைக்காகப் படித்தோம். யாரும் அந்த ஆயிரம் பேரைப் பற்றிக் கேட்டதாக ஞாபகம் இல்லை.

"என்னோட ரூல் மாதிரியே இருக்கு" என்றாள் மகள். அவள் முகத்தில் திருப்திதான் தெரிந்தது. ரெண்டாயிரம் வருஷத்து ஆதாரம் கிடைத்துவிட்டதே.

கொடுங்கல்லூருக்குப் போக வேண்டும் என்று அவள் ஆரம்பித்தது இப்படித்தான். கண்ணகிக்குச் சேரன் செங்குட்டுவன் எடுத்த கோயில் அங்கே இருக்கும் பகவதி கோயில்தான் என்று நம்புகிறவர்கள் பலர். அதைவிட அவளை இழுத்தது, கோயிலுக்குள்ளேயே வசூரிமாலைக்கு ஒரு சன்னதி இருக்கிறது என்று நான் சொன்னதுதான். வசூரி என்றால் வைசூரி, பெரியம்மை. இங்கே சொல்லப்படும் கதை இது. தாருகன் என்ற அசுரனைக் காளி கொன்றாள். அவன் மனைவி மண்டோதரி தவம் செய்து சிவனின் வியர்வைத் துளிகளைப் பெற்று, வெற்றியோடு வந்த காளியின் மேல் தெளித்தாள். காளியின் உடம்பெல்லாம் முத்துப் போட்டது. சிவன் காதிலிருந்து பிறந்த கண்டாகர்ணன் அவற்றை நக்கி எடுத்தான். சகோதரியின் முகத்தில் நாக்கு படக் கூடாது என்று முகத்தை மட்டும் விட்டுவிட்டான். அதனால் தேவியின் முகத்தில் அந்த முத்துக்கள் அப்படியே தங்கிவிட்டன. மண்டோதரி தோற்று, தேவியின் பரிவாரத்தில் ஒருத்தியானாள். அவள்தான் வசூரிமாலை.

இதில் யார் யாருக்குக் கோபம் என்று கவனித்தால், அம்மை புருஷனைப் பறிகொடுத்த ஒருத்தியின் ஆத்திரமாக முதலில் வருகிறது. முதல் நோயாளி தெய்வம். தெய்வத்துக்கே தழும்பு இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வைட்டிலா பஸ் நிலையத்திலிருந்து வடக்கன் பரவூர் வழியாகப் புறப்பட்டோம். அம்மாவும் வருகிறேன் என்றாள். முட்டு வலியைச் சொல்லித் தடுத்துப் பார்த்தேன். கேட்கவில்லை. மீன பரணிக்கு வாளோடு வெளிச்சப்பாடுகள் ஓடும் அந்த மைதானம் அன்று ஆலமர நிழலில் அமைதியாகக் கிடந்தது. மகள் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்ததையெல்லாம் எழுதினாள். அம்மா மஞ்சள்பொடி வாங்கி வசூரிமாலைக்குக் கொடுத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். பின்னால் ஆட்கள் சேர்ந்த பிறகும் நகரவில்லை. நான் தோளைத் தொட்டதும்தான் கண் திறந்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மகளிடம் கேட்டாள்: "உன் விளையாட்டுல யாரு தப்பு பண்ணினதால முத்து வருது?"

"ஊர்ல ஒரு தட்டான், அம்மாச்சி. பொய் சத்தியம் பண்ணியிருப்பான்."

"அவனுக்குத் தெரியுமா, தன்னாலதான்னு?"

மகள் யோசித்தாள். அவள் அதற்கு விதி எழுதவில்லை.

"எனக்குத் தெரியும்" என்றாள் அம்மா. "என்னாலதான்னு."

எனக்கு ஒரு தம்பி இருந்தான். 1986ல், அவனுக்கு மூன்று வயதாக இருந்தபோது, மணல்வாரி போட்டு இறந்துபோனான். எனக்கு ஆறு வயது. என்னை அடுத்த தெருவில் பெரியம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டிருந்தார்கள். திரும்பி வந்தபோது அவன் இல்லை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அம்மை வந்து போய்விட்டான் என்று சொன்னால் சாத்தூரில் அதற்கு மேல் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். எங்களுக்கு இருக்கன்குடி மாரியம்மன் கூப்பிடு தூரம்.

அம்மா சொன்னதை நான் அதற்கு முன்னால் கேட்டதே இல்லை. தம்பிக்கு மேலெல்லாம் தடித்து நாலாம் நாள், செவ்வாய்க்கிழமை, அவளுடைய அண்ணன் வெளியூரிலிருந்து விஷயம் தெரியாமல் வந்து நின்றார். தூரத்திலிருந்து வந்தவருக்குத் தாளிக்காத குழம்பை ஊற்ற மனசு வரவில்லை. பின்கட்டில் மண் அடுப்பில் ஒரே ஒரு கரண்டி எண்ணெய், கொஞ்சம் கடுகு. சத்தம் கேட்காமல் மூடியால் மூடினாள். வாசனையை மூட முடியவில்லை. வியாழக்கிழமை ராத்திரி தம்பி மூச்சுத் திணறிச் செத்தான். நடு வீட்டில் வைத்து, பத்துப் பேர் முன்னால் அப்பத்தா சொன்னாள்: "நீ தாளிச்ச தாளிப்புலதான் ஆத்தா கோவிச்சுக்கிட்டு என் பேரனைக் கொண்டுக்கிட்டுப் போயிட்டா."

எங்கள் வீட்டில் செவ்வாய்க்கிழமை தாளிப்பு கிடையாது. ரசம் கூட மிளகு தட்டிப் போட்ட வெறும் ரசம்தான். அது அம்மாவின் விரதம் என்று நான் நினைத்திருந்தேன். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த பிறகு நானும் அப்படியே செய்துகொண்டிருந்தேன், காரணம் கேட்காமல்.

பஸ்ஸில் யாரும் பேசவில்லை. அன்று ராத்திரி மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மணல்வாரியைப் பற்றி எல்லாவற்றையும் கேட்டாள். சுகாதாரச் செய்திகளை மொழிபெயர்த்துப் பழகியதில் எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். மறுநாள் அவள் நோட்டோடும் பகடையோடும் அம்மாவின் கட்டிலுக்குப் போனாள்.

"அம்மாச்சி, இது நிஜ மணல்வாரியோட விதி" என்று ஆரம்பித்தாள். தடுப்பூசி போடாத பத்துப் பேர் நோயாளியோடு இருந்தால் ஒன்பது பேருக்கு வந்துவிடும். 20 முகப் பகடையில் 1 முதல் 18 வரை எது விழுந்தாலும் வரும். நோயாளி எழுந்து போன அறையில் இரண்டு மணி நேரம் வரை கிருமி காற்றில் நிற்கும். உள்ளே நுழைந்து ஏறக்குறைய பத்து நாள் சத்தமில்லாமல் இருக்கும். பிறகு காய்ச்சல், இருமல், கண் சிவப்பு. மூன்று நான்கு நாள் கழித்துத்தான் மணல். "நீங்க தாளிச்ச அன்னிக்கு, கிருமி உள்ள வந்து ரெண்டு வாரத்துக்கு மேல ஆயிடுச்சு. அது உடம்போட எதிர்ப்புச் சக்தியைக் கெடுக்கும். அப்புறம் நிமோனியா வரும். குழந்தைங்க அதுல போறதுதான் அதிகம். மாமாவுக்கு மூச்சுத் திணறினதும் அதாத்தான் இருக்கும். கடுகுக்கும் அதுக்கும் எந்த விதியும் இல்லை."

பிறந்து மூன்றே வருஷத்தில் போன ஒருவனை அவள் மாமா என்று சொன்னது எனக்கு என்னவோ செய்தது.

அம்மா பகடையை வாங்கி உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தாள். அவள் இடது கையில் பெரியம்மைத் தடுப்பு குத்திய இரண்டு வட்டத் தழும்புகள் இருக்கின்றன, பழைய நாலணா அளவில். எனக்கு அது இல்லை, என் மகளுக்கும் இல்லை. இந்த விளையாட்டு அமெரிக்காவில் அச்சாகி வந்த அதே 1974ன் முதல் ஐந்து மாதங்களில் மட்டும் இந்தியாவில் சுமார் 15,000 பேர் பெரியம்மையில் செத்தார்கள். பீகாரில்தான் அதிகம். பிடித்த பத்துப் பேரில் மூன்று பேரைக் கொல்லும் நோய் அது. பகடையில் 1 முதல் 6 வரை. சுகாதார ஊழியர்கள் வீடு வீடாகக் கதவைத் தட்டி, நோயாளி இருக்கும் வீட்டைச் சுற்றி எல்லோருக்கும் குத்தி, அடுத்த வருஷமே, 1975 மே மாதத்தோடு அதை இந்த நாட்டிலிருந்து முடித்துவைத்தார்கள். 1980ல் உலகத்திலேயே இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. எந்த ஆத்தாவும் கோபிக்கவில்லை. யாரையும் பலி கொடுக்கவும் இல்லை.

மணல்வாரிக்கான ஊசி நம் நாட்டு இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் 1985ல்தான் சேர்ந்தது. நாடு முழுக்க எட்டுவதற்கு இன்னும் சில வருடங்கள் ஆயின. தம்பியின் பகடை அதற்கு முன்னாலேயே விழுந்துவிட்டது.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தா?" என்று அம்மா கேட்டாள்.

மகள் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு பொய்யான குற்றத்தைக் கழற்றி எடுத்தால் அடியில் என்ன இருக்கும் என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

"எங்க விளையாட்டுல அட்வான்டேஜ்னு ஒண்ணு இருக்கு, அம்மாச்சி" என்றாள் மகள் மெதுவாக. "சாதகம் இருந்தா ரெண்டு தடவை உருட்டலாம். எது பெரிசோ அதை எடுத்துக்கலாம். ஆஸ்பத்திரின்னா ரெண்டு தடவை. வீட்டுல ஒரு தடவைதான். பிழைச்சிருப்பாங்கன்னு சொல்ல முடியாது. ஆனா ரெண்டு தடவை உருட்டியிருக்கலாம்."

அம்மா அழவில்லை. "திங்கக்கிழமையே கேட்டேன்" என்றாள். "மூச்சு வேகமா வாங்குது, பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போவோம்னு உங்க தாத்தாகிட்ட கேட்டேன். அவரு அவுக அம்மாவைப் பாத்தாரு. ஆத்தா இருக்கிற உடம்புல ஊசி குத்தக் கூடாதுன்னுட்டாக. அதுக்கு மறுநாத்தான் நான் தாளிச்சது."

திங்கட்கிழமை என்றால் வியாழக்கிழமைக்கு மூன்று நாள் இருக்கிறது. முடிவெடுத்தவர்கள் யார், பழி சுமந்தவள் யார் என்று அப்போதுதான் எனக்கு வரிசையாகத் தெரிந்தது. அப்பத்தாவும் அப்பாவும் இன்று இல்லை. கெட்டவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்களும் அந்த விதிகளை நம்பினார்கள். ஆனால் விதி தோற்றபோது, விதி தப்பு என்று சொல்வதைவிட, அடுப்படியில் நின்ற 29 வயது மருமகள் விதியை மீறினாள் என்று சொல்வது சுலபமாக இருந்தது. கொற்கையிலும் அதுதான் நடந்தது. நெடுஞ்செழியன் விசாரிக்காமல் கொன்றான். பலியானவர்கள் பட்டறையில் உட்கார்ந்திருந்த தட்டான்கள்.

விதி என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் இருப்பதை மாணவியாக இருந்தபோது அழகு என்று நினைத்திருக்கிறேன். எழுதி வைத்த சட்டமும் விதி, தலையில் எழுதியதும் விதி. மனிதர்கள் எழுதியதை ஆண்டவன் எழுதியதாகச் சொல்லிவிடலாம் என்ற வசதியும் அதில் இருக்கிறது என்பது அப்போது தெரியவில்லை. மேஜை விளையாட்டில் இந்தக் குழப்பம் இல்லை. விதியை எழுதியவள் எதிரே உட்கார்ந்து வறுவல் தின்றுகொண்டிருக்கிறாள். பிடிக்கவில்லை என்றால் அவளோடு சண்டை போடலாம்.

அடுத்த சனிக்கிழமை சண்டைதான் வந்தது. மூன்று மணி நேரம் விளையாடி, முத்துக் காய்ச்சல் பிடித்த ஊரில் பொய் சத்தியம் செய்த தட்டானைக் கண்டுபிடித்தார்கள். மட்டாஞ்சேரியிலிருந்து வரும், வீட்டில் கொங்கணி பேசும் பையன்தான் அவனை வெட்டினான். பகடையில் 19 விழுந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். "சரி, காய்ச்சல் போயிடுச்சா?" என்றான்.

"இல்லை" என்றாள் என் மகள். "மறுநாள் காலையில் இன்னும் 40 பேருக்கு முத்து வந்திருக்கிறது."

பையனுக்குக் கோபம். தட்டான்தானே தப்பு செய்தான், ஊர்ப் பெரியவர்கள் அப்படித்தானே சொன்னார்கள் என்று கத்தினான். "சொன்னாங்க" என்றாள் அவள். "அவங்க அப்படி நம்பினாங்க. நீங்க கிணத்துத் தண்ணியையும் பார்க்கலை, முத்து வாங்க வந்த வியாபாரி எந்த ஊர்லேர்ந்து வந்தான்னும் கேட்கலை." நான்கு பேரும் கொஞ்ச நேரம் முறைத்தார்கள். பிறகு ஒருத்தி மெதுவாக, வியாபாரி தங்கின சத்திரத்துக்குப் போகலாமா என்றாள். காகிதங்கள் புரண்டன.

சமையலறை வாசலில் அம்மா கீரையை நிறுத்தினாள். நாங்கள் கொடுங்கல்லூர் போய் வந்த பிறகு இரண்டு செவ்வாய்க்கிழமைகள் போய்விட்டன. இரண்டு நாளும் அவள் தாளிக்கவில்லை. நானும் தாளிக்கவில்லை. முப்பத்தொன்பது வருஷத்து விதி ஒரு பகடைக் கணக்கில் போய்விடாது. போக வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை.

"ஏட்டி" என்று பேத்தியைக் கூப்பிட்டாள். "அந்தத் தட்டானுக்குப் பொண்டாட்டி உண்டா?"

மகள் நிமிர்ந்தாள். நண்பர்கள் அம்மாச்சி என்ன கேட்டாள் என்று மலையாளத்தில் விசாரித்தார்கள். சொன்னாள். மேஜை அமைதியானது. அவள் நோட்டைப் புரட்டிப் பார்த்தாள். அப்படி ஒருத்தி அதில் இல்லை.

"இருக்கா, அம்மாச்சி" என்று சொல்லிவிட்டு, பென்சிலை எடுத்து எழுத ஆரம்பித்தாள்.